பாட்டில் வராத முகங்கள்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் நேற்று மதியத் தபாலில் வந்தது. உங்கய்யா மிளகாய்க் காட்டிலிருந்து திரும்பும்வரை பொறுக்க முடியாமல் நானே பிரித்துப் படித்துவிட்டேன். அடுத்த மாதம் ஒரு பாட்டுக்கு நீயே கேமராவைப் பிடிக்கப் போவதாகவும், அது இருபது பெண்கள் சேர்ந்து ஆடும் பாட்டு என்றும் எழுதியிருந்தாய். அவர் வந்ததும் உரக்கப் படித்துக் காட்டினேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன். அதற்குப் பிறகு அவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் கடலாடி சந்தைவரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று காலையில் தண்ணீர்க் குடத்தோடு போன என்னை நிறுத்தி, "ஒம்மவன் படம் புடிக்கிறானாமே" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே என் வாய் வலிக்கிறது.

கடிதத்தின் கடைசியில் நீ ஒரு வரி எழுதியிருந்தாய். உனக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கும் பெரிய கேமராமேன், "குரூப்புல ஆடுற பொண்ணுங்களுக்கு முகம் பார்க்காதே, இடுப்பப் பாரு, ஜனங்க அதுக்குத்தான் டிக்கெட் வாங்குறாங்க" என்று சொன்னாராம். தொழில் நுணுக்கம் ஒன்றைக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில் நீ அதை எழுதியிருக்கிறாய் என்பது தெரிகிறது. அந்த வரியை மட்டும் நான் உங்கய்யாவுக்குப் படித்துக் காட்டவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத்து நீளும். படப்பிடிப்பு இல்லாத நாளில் உட்கார்ந்து படி. கோபத்தோடு எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதே. பேனாவை எடுத்ததிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உன் ஆத்தாவும் சினிமாவில் ஆடியவள்தான். உன் காளியம்மா அத்தையும் ஆடினாள், அவள் மகள் முத்துராக்கும் ஆடினாள். நீ இத்தனை வருஷம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தும் உன் காதில் இது விழவில்லை என்றால், அதற்கு ஊர் ஆண்கள்தான் காரணம். அந்தக் கதையை எடுத்தால் அவர்கள் செய்ததும் சேர்ந்து வெளியே வரும் என்பதால் எல்லோரும் ஒருமித்து வாயை மூடிக்கொண்டார்கள். பெண்களாகிய நாங்கள் மட்டும் நாற்று நடும்போது எப்போதாவது பேசிச் சிரித்துக்கொள்வோம்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. மழை இல்லை. கண்மாயில் மாடு குடிக்கக்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பரமக்குடியில் ஸ்டேஷன் பக்கத்தில் பிறந்து, எட்டாவதுவரை படித்துவிட்டு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கு, வெடித்துக் கிடந்த வயலைப் பார்க்கவே பயமாக இருந்தது. உங்கய்யா, நான், அவருடைய அக்கா காளியம்மா, அவள் மகள் முத்துராக்கு என நாலு பேரும் பிழைப்புத் தேடிப் பாம்பனுக்குப் போனோம். உங்கய்யாவுக்குப் படகிலிருந்து கூடை இறக்கும் வேலை. எங்களுக்குக் கருவாடு காயப்போடும் வேலை. எங்களைப் போலவே சுற்று ஊர்களிலிருந்து மழையில்லாமல் வந்த பெண்கள் இன்னும் பலர் அங்கே இருந்தார்கள். புயலுக்கு முந்திய பாம்பன் அது. நீ பார்த்திருப்பதைவிடக் கலகலப்பான ஊர்.

ஒரு நாள் மெட்ராஸ் ரயிலில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. பெட்டி பெட்டியாகச் சாமான், வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பலகைகள், ஒரு ஒலிபெருக்கி. மீனவப் பெண்கள் கடற்கரையில் ஆடிப் பாடுகிற மாதிரி ஒரு பாட்டு எடுக்க வேண்டுமாம். அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டிருக்கிறார்கள். "எங்க ஆளுக கடலுக்குப் போயிருக்காக, கேக்காம வர முடியாது" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த ஏஜென்ட் வெயிலில் அலைந்து கடைசியில் எங்கள் கருவாட்டுக் களத்துக்கு வந்து நின்றான்.

"நாங்க மீன்காரவுக இல்லையே தம்பி, வெவசாயக்காரவுக" என்றாள் காளியம்மா மதினி.

"படத்துல அதெல்லாம் யாருக்கும்மா தெரியப் போகுது? ஆடத் தெரியுமா?"

"கும்மி கொட்டுவோம். கொலவ போடுவோம்."

"அது போதும், வாங்க."

உங்கய்யாவிடம் கேட்டோம். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவருக்குச் சினிமா என்றால் உயிர் என்பது உனக்கே தெரியும். "போங்க. ஆனா மூஞ்சிய நல்லாத் தேச்சுக் கழுவிட்டுப் போங்க. படம் பார்க்கிறவன் கருவாட்டு வாடை அடிக்குதுன்னு சொல்லிறப் போறான்" என்றார்.

நாங்கள் எட்டுப் பேர் போனோம். அன்றைக்கு எங்கள் முகத்துக்கு நாங்கள் செய்த உபசாரத்தைச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னே எழுந்து மஞ்சள் தேய்த்துக் குளித்தோம். முத்துராக்கு என் மூக்குத்தியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, தகரப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டில் பொட்டை நாலு தடவை அழித்து அழித்து வைத்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. கடற்கரையில் கம்பெனிக்காரர் ஒருவர் எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பவுடர் போட்டார். தலைக்குப் பூக் கொடுத்தார்கள். காளியம்மா மதினி புருஷனை இழந்தவள். பூவை வாங்கிப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டாள். "அப்ப நீங்க ஓரமா நிக்கிறீங்களாம்மா?" என்று அவர் கேட்டார். "பூத்தான் வேணாம்னேன். ஆட்டம் வேணாம்னு நான் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு, போய் வரிசையின் நட்ட நடுவில் நின்றுகொண்டாள்.

ஆட்டம் சொல்லிக் கொடுக்க ஒரு மாஸ்டர் வந்திருந்தார். மெலிந்த மனிதர், கழுத்தில் கைக்குட்டை. எங்கள் கும்மியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "கை நல்லா இருக்கு. ஆனா இடுப்பு வேணும்" என்றார்.

"இருக்கே. எங்க போச்சு?" என்றாள் மதினி.

"ஆட்டணும்மா."

"எதுக்கு?"

"பாட்டுக்கு."

"பாட்டுல வல இழுக்கிறதப் பத்தித்தான வருது? வல இழுக்கிறவ இடுப்ப ஆட்டிக்கிட்டு நின்னா வல கைய விட்டுப் போயிருமே."

கடலிலிருந்து திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மீன்காரர்கள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள், அப்படிச் சிரிப்பு. மாஸ்டரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனாலும் ஆட்டச் சொன்னார், நாங்களும் ஆட்டினோம். மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு முழங்க, அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போக, இடுப்பில் கூடையோடு வளைந்து திரும்பும்போது வறட்சியும் கருவாடும் எனக்கு மறந்தே போயின. அன்றைக்கு என் உடம்பு எனக்கு இறகு மாதிரி இருந்தது. கேமராக்காரர் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு கேமராவைத் தரையோடு தரையாக வைத்திருந்தார். "ஏன்யா கீழ கெடக்கீரு?" என்று மதினி கேட்டதற்கு, "ஆங்கிள்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. கேமரா இருக்கும் பக்கம் பார்த்து நன்றாகச் சிரித்துவைத்தோம்.

எங்களுக்கு முன்னால் நின்று ஆடியவள் மெட்ராஸிலிருந்து வந்த வசந்தா என்ற பெண். என் வயதுதான் இருக்கும். கதாநாயகி பாம்பனுக்கு வரவே இல்லை. அவளுக்குப் பதிலாகத்தான் வசந்தா ஆடினாள். மத்தியானம் அவள் பாதத்தில் சிப்பி கிழித்துவிட்டது. நான் என் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டேன். ரத்தம் நிற்பதற்குள் மாஸ்டர் கூப்பிட்டுவிட்டார். எழுந்து ஈர மணலில் அந்தக் காலை ஊன்றிச் சுற்றிச் சுற்றி ஆடினாள். அவளுக்கு எதிரில் நின்ற எனக்குத் தெரிந்தது: கால் தரையில் படும்போதெல்லாம் கண் மட்டும் ஒரு கணம் சுருங்கும், உடனே சிரிப்பு வந்துவிடும். ஆட்டம் முடிந்ததும், "படம் வந்ததும் ஒன்னயத்தான் மொதல்ல தேடுவேன்" என்றேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி, "தேடாதீங்க அக்கா. எத்தனையோ படத்துல ஆடியிருக்கேன். எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். அடக்கத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவளுக்கும் நாற்பது வயது இருக்கும். உங்கள் ஸ்டூடியோப் பக்கம் எங்காவது பார்த்தால் பாம்பன் அக்கா கேட்டதாகச் சொல்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் நீ என் வயிற்றில் இருப்பது எனக்குத் தெரிந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ள, ஊருக்குத் திரும்பினோம். முத்துராக்குக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம்ம சண்முகவேல் அண்ணன்தான். பரிசம் போட வந்த அன்று அவருடைய அய்யா, "படத்துல வரப்போற பிள்ளையாமே" என்று பெருமையாகவே கேட்டார். பெண் சின்னவள், விளைச்சல் பார்த்துக் கல்யாணம் வைக்கலாம் என்று வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். நீ பிறந்தாய். உங்கய்யா அந்த ஒரு வருஷம் முழுவதும் பார்த்தவர்களிடமெல்லாம், "படம் வரட்டும், எம் பொண்டாட்டி மூஞ்சி படுதா அகலத்துக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

படம் கடலாடி டூரிங் கொட்டகைக்கு வந்த முதல் நாளே ஊரில் பாதிப் பேர் வண்டி கட்டிக்கொண்டு போனோம். பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். நாங்கள் மணலைக் குவித்து உட்கார்ந்தோம். நீ என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாய். உங்கய்யா ஊர்க்காரர்களோடு ஆண்கள் பக்கத்தில் முன்னால் இருந்தார். கடல் வருகிற ஒவ்வொரு காட்சிக்கும், "இந்தா இப்ப வரும்" என்று அவர் சொல்வது எங்களுக்கே கேட்டது.

கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. முதலில் ஒரு முகம் வந்தது. பாம்பனுக்கு வராத கதாநாயகியின் முகம். அடுத்து வசந்தாவின் கால்கள். அடுத்து ஈரச் சேலையும் கூடையுமாக ஒரு வரிசை இடுப்புகள். பிறகு முதுகுகள். பிறகு திரையே நிறைகிற அளவுக்கு ஒற்றை இடுப்பு. மறுபடியும் அந்த மெட்ராஸ் முகம். மறுபடியும் நாங்கள், கழுத்துக்குக் கீழே. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. எங்கள் பாட்டு இனிமேல்தான் வரும், இது யாரோ மெட்ராஸ் பெண்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எல்லா விசிலையும் மிஞ்சி ஒரு விசில் கேட்டது. உங்கய்யா வயலிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே அடிப்பாரே, சோறு எடுத்து வை என்று, அந்த விசில். எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

அந்த நேரத்தில் திரையில் கூடையை அணைத்த ஒரு கை பெரிதாக வந்தது. முன்கையில் தேள் பச்சை குத்தியிருந்தது. காளியம்மா மதினி திரையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், மெல்ல எழுந்து மண்சுவர்ப் பக்கம் போய் நின்றாள்.

"ஏலே தம்பி."

"என்னக்கா?"

"விசிலடிக்காதலே. அது ஒம் பொண்டாட்டிலே."

ஆண்கள் பக்கம் அப்படியே அடங்கிப் போனது. இருட்டுக்குள்ளிருந்து ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப நடுவுல நிக்கிறது?"

"அது நானு. நீ வேணும்னா அடிச்சுக்க."

பெண்கள் பக்கத்தில் எழுந்த சிரிப்பில் நீ விழித்து அழுதாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரையில் என்னைத் தேடினேன். எட்டு இடுப்பில் எது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அதில் ஒன்றுக்குள் நீ இருந்தாய். எதற்குள் என்று உன்னைப் பெற்ற எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். முத்துராக்கு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீடு திரும்பும்போது உங்கய்யா வண்டியில் ஏறவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஊர் எல்லை வந்ததும் பக்கத்தில் வந்து, குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "விடியுமுன்ன எந்திருச்சு மஞ்சத் தேச்சுக் குளிச்சியே, அம்புட்டும் வீணாப் போச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் அடித்த விசிலை நான் மன்னித்துவிட்டேன். இன்றுவரைக்கும் தான் விசிலடிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவன்தான் அடித்தான் என்று சாதிக்கிறார். நீயும் கேட்டுப் பார், அதையேதான் சொல்வார்.

கதை அதோடு முடிந்திருந்தால் எங்களுக்குள் சிரித்துவிட்டு மறந்திருப்போம். சில நாள் கழித்து ஒரு காலை வேளையில் சம்பந்தி வீட்டு வண்டி வந்து நின்றது. சண்முகவேலின் அய்யாவும் அம்மாவும் அவருடைய மாமாவும் இறங்கினார்கள். மாப்பிள்ளை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். முற்றத்து வேம்படியில் பாய் விரித்தோம். யாரும் தண்ணீரைத் தொடவில்லை. முத்துராக்கு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"தப்பா நெனைக்காதீக" என்று தொடங்கினார் சம்பந்தி. "பிள்ளயக் கொறை சொல்லல. ஆனா நாலு ஊரு பார்த்திருச்சு. நாளைக்கு எங்க மருமக தெருவுல நடந்து போனா, அந்தா போறா பாருன்னு சொல்ல மாட்டாகளா? மாத்துன வெத்தலயத் திருப்பிக்கிருவோம்."

உங்கய்யா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அனுமதி கொடுத்தவர் அவர்தானே. பேச்சு முறிந்த பெண் என்று பெயர் வாங்கினால் அந்தக் காலத்தில் மறுபடி இடம் அமைவது எவ்வளவு பாடு என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காளியம்மா மதினி மட்டும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நிதானமாக வந்தாள்.

"என்னத்தப் பார்த்தீக அண்ணே?"

"அதான், அந்தப் பாட்டுல."

"பாட்டுல எம்மக எங்கன நின்னா?"

அவர் பாயின் ஓரத்தை நிமிண்டினார்.

"நாங்க எட்டுப் பேரு நின்னோம். எது எம்மகளுன்னு கையக் காட்டிச் சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீகன்னா வெத்தலய இப்பவே திருப்பித் தாரேன்."

சம்பந்தி மீசையைத் தடவினார். மாமாவைப் பார்த்தார். "நடுவுல நின்ன பிள்ளதான்" என்றார்.

மதினி முன்கையை நீட்டினாள். "நடுவுல நின்னது நானு. இந்தத் தேளு கண்ணுல படலியா?"

சம்பந்தியம்மா மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் புருஷனைப் பார்த்தார். "நடுவுல நின்னத அம்புட்டு நேரம் பார்த்தீகளோ?" என்றார். மாமா துண்டை வாயில் வைத்து இருமினார். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. உங்கய்யாவுக்கும் தோள் குலுங்கியது. ஆனால் சம்பந்தியின் முகம் சிவந்துவிட்டது. மரியாதை பார்க்கும் மனிதர். "கேலி பண்றதுக்கா எங்களப் பாய விரிச்சு ஒக்கார வச்சீக?" என்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். சிரிப்பு எல்லாம் ஒரே நொடியில் வற்றிவிட்டது. மதினிக்கும் அப்போதுதான் பயம் வந்தது.

வண்டியிலிருந்து சண்முகவேல் இறங்கி வந்தார். அதுவரை அவர் குரலை நாங்கள் கேட்டதில்லை.

"அய்யா, நான் அந்தப் படத்த ரெண்டு வாட்டி பார்த்தேன்."

"ரெண்டு வாட்டியா?"

"மொத வாட்டி போகையில அந்தப் பிள்ள மூஞ்சி வரும் வரும்னு பார்த்தேன், வரல. கண்ணுல படாமப் போயிருச்சோன்னு மறுநாளும் போனேன். பரிசம் போட்டன்னைக்கு ஒரு தடவ பார்த்த மூஞ்சி, மறக்கல. படத்துல அது இல்லய்யா. அதுல யாரு இருக்கான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச பிள்ள இந்த வீட்டுலதான் இருக்கு."

கதவு திறந்தது. ஒருவரும் கூப்பிடாமலே முத்துராக்கு வெளியே வந்தாள். தலை குனியவில்லை, முந்தானையை இழுத்து மூடவில்லை. நேராக வந்து, "மோரு" என்று சொல்லிச் செம்பை அவர் கையில் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார். பாதி மோர் சட்டையில் வழிந்தது. சம்பந்தியம்மா தன் புருஷனின் துண்டைப் பிடித்து இழுத்து, "ஒக்காருங்க, நமக்கும் மோரு வரும்" என்றார். அவர் உட்கார்ந்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தலில் நாங்கள் கும்மி கொட்டினோம். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் தானும் வந்து வட்டத்தில் புகுந்துகொண்டார். அந்த அம்மாள் குனிந்து நிமிர்ந்து கொட்டிய அழகை இன்றைக்கும் சொல்வார்கள். தாளம் தப்பும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்வார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

இனி உன் பாட்டுக்கு வருகிறேன். பெண்களை ஆடவிடாதே என்றோ, இடுப்பைக் காட்டாதே என்றோ உன் ஆத்தா எழுதவில்லை. போன மாதம்கூடப் பரமக்குடிக் கொட்டகையில் ஒரு படம் பார்த்தேன். அதில் ஒரு பெண் ஆடிய ஆட்டத்தில் நாற்காலியில் இருந்தபடியே என் காலும் தாளம் போட்டது. இடுப்பு நமக்கு ஒன்றும் ஒளித்துவைக்கிற பண்டம் இல்லை. இந்த இடுப்பில்தான் குடம் சுமக்கிறேன். நீ நடக்கச் சோம்பல்பட்டு மூன்று வயதுவரை இதில்தான் ஊரைச் சுற்றிவந்தாய். ஆடினால் அதுவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆடியது நான். என் சந்தோஷம் என் முகத்தில் இருந்தது. வசந்தா வலியை விழுங்கிக்கொண்டு சிரித்தாளே, அந்தப் பாட்டிலேயே பெரிய ஆட்டம் அதுதான். எதிரில் நின்ற நான் ஒருத்தி பார்த்தேன். கேமரா பார்க்கவில்லை. ஜனங்கள் எதற்கு டிக்கெட் வாங்குகிறார்கள் என்று உன் பெரியவர் நிச்சயமாகச் சொல்கிறார். முதுகுளத்தூரிலிருந்து ஒருவர் ஒரு முகத்துக்காக இரண்டாவது டிக்கெட்டும் வாங்கினார் என்று அவருக்கு எடுத்துச் சொல்.

நீ சின்னவன், அங்கே உன் பேச்சு எடுபடாது என்பது எனக்குப் புரிகிறது. பெரியவரை எதிர்த்து நிற்கச் சொல்லவில்லை. அவர் சொன்னபடியும் எடு. ஆனால் கேமரா உன் கையில் இருக்கும் நேரத்தில் ஒரு தடவை அதை மேலே தூக்கு. ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் ஒரு மூச்சு விடும் நேரம் நில். பிறகு வெட்டி எறிந்தாலும் எறியட்டும். தன்னைப் பார்த்து எடுத்தான் ஒருவன் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். எடுக்கப் போவதற்கு முன்னால் இன்னொன்றும் செய். அந்த இருபது பேரிடமும் போய்ப் பேர் கேள். எந்த ஊர், சாப்பிட்டாயா என்றும் கேள். பேர் தெரிந்தபிறகு உன் கை கேமராவைத் தானாகவே வேறு மாதிரிப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்குக் கேமராவைப் பற்றித் தெரியாது, உன்னைப் பற்றித் தெரியும்.

அந்தப் பேர்களை எனக்கும் எழுதி அனுப்பு. படம் பரமக்குடிக்கு வரும்போது காளியம்மா அத்தை, முத்துராக்கு, நான் மூவரும் பஸ் ஏறிப் போவது என்று இன்று காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். உன் பாட்டு ஓடும்போது, முகம் வரவர ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறோம். முகம் வராவிட்டாலும் கூப்பிடுவோம். உன் அத்தையின் குரல் கொட்டகை முழுவதும் கேட்கும்.

இப்படிக்கு,
உன் ஆத்தா